வெள்ளைப் பூ வந்த பிறகும்

அனுப்பர்பாளையத்து ராசப்பனுக்கு ஒரே மகள். தன்னைப் பெற்றவளின் பெயரையே அவளுக்கும் மயிலாள் என்று வைத்தான். நாலு நிட்டிங் மிஷின் போட்டுப் பனியன் துணி ஓட்டிப் பிழைத்தவன் அவன். மகள் பன்னிரண்டாவது முடித்ததும் ஜவுளிப் படிப்பில் சேர்த்துவிட வேண்டும் என்றிருந்தான். எண்பத்தொன்பதில் அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"ஆஸ்பத்திரி மிஷினுகளுக்கான இன்ஜினீயரிங்குங்கப்பா. கோயமுத்தூர்லயே இருக்குது."

"மனுசனுக்கு டாக்டரு, மிஷினுக்கு மெக்கானிக்கு. இது ரெண்டுங்கெட்டானால்ல இருக்குது!" என்று சிரித்தான் ராசப்பன்.

"நம்ம மிஷின் நின்னா அரை மணியில மெக்கானிக்கு வந்தர்றாருங்கப்பா. அத்தை கொழந்தைய வெச்சிருந்த பொட்டி நின்னப்போ, மெட்ராஸ்ல இருந்தில்ல ஆளு வரோணும்னாங்க."

ராசப்பனின் சிரிப்பு நின்றது. அவன் தங்கை மருதாளைப் பல்லடத்தில் கொடுத்திருந்தது. பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்தவளுக்குக் குறைமாதத்திலேயே பையன் பிறந்துவிட்டான். குழந்தைக்குச் சூடு கொடுக்க ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டி பழுதாகி, ஆள் வந்து சேருமுன் குழந்தை போய்விட்டது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஆனாலும் சொந்தத்தில் ஒருத்தரும் கேள்விப்படாத படிப்பு. வேலை கிடைக்குமா, எவன் கட்டிக்கொள்வான் என்ற பயம் அவனை விடவில்லை.

"அம்மன்கிட்டப் பூ கேட்டுப் போடலாம் கண்ணு" என்றான். வெள்ளை வந்தால் ஜவுளி, சிவப்பு வந்தால் அவள் கேட்டது.

கோயிலுக்கு மருதாளும் வந்திருந்தாள். இரண்டு பூவையும் தனித்தனியே இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்ட பூசாரி, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ராசப்பன் பிரித்தான். வெள்ளை.

"சரிங்கப்பா" என்றாள் மயிலாள். அவ்வளவுதான், தலை நிமிரவில்லை.

மருதாள்தான் பேசினாள். "ஏனுங்கண்ணா, அன்னைக்கு எனக்காக நீங்கதான இங்க வந்து கேட்டீங்க? பையன் பொழைச்சுக்குவான்னு வெள்ளைப் பூத்தான வந்துச்சு?"

"அத ஏம்மா இப்ப..."

"அம்மன் மேல கொறை இல்லீங்கண்ணா. பொட்டியச் சரி பண்ணத்தான் ஆளில்லாமப் போச்சு."

ராசப்பன் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெகுநேரம் அம்மனையே பார்த்தபடி நின்றான்.

அடுத்த வாரம் கோயமுத்தூர்க் கல்லூரியில், "எந்தப் படிப்புங்க?" என்று கேட்டார் சேர்க்கை போடுகிறவர். மயிலாள் அப்பனைப் பார்த்தாள். அந்த இங்கிலீஷ் பெயர் அவன் நாக்கில் நிற்கவில்லை.

"கொழந்தைகள வெக்கற பொட்டி இருக்குதுங்கல்ல" என்றான் ராசப்பன். "அது நின்னு போகாமப் பாத்துக்கற படிப்புங்க."