மாத்திரையை நிறுத்திவிட்டு நான் சொல்ல நினைத்த சாட்சி

சபையாருக்கு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மைக் செட் சாலமோன் எழுதுகிறேன். கடலூர் ஓல்டு டவுனில் இருபது வருடமாக, கர்த்தர் செய்த நன்மையை நீங்கள் மேடையில் சொன்ன சாட்சிகளுக்கெல்லாம் சத்தம் கூட்டிக் குறைத்தவன். பாதிச் சாட்சிக்குத் தூங்கியும் இருக்கிறேன். கர்த்தர் மன்னித்தார், நீங்களும் மன்னியுங்கள். இன்று என் முறை. சோர்வாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன், மழைக்காலத்தில், விடாத காய்ச்சலில் தெரியவந்தது. ரத்தத்தில் ஐநூறுக்கு மேல் இருக்க வேண்டிய சிடி4 என்ற அணு எண்பத்து நாலுதான் இருந்தது. மனைவி எஸ்தருக்கு நோய் இல்லை. அன்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமும் இல்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாமலிருக்க மருந்துக்குச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த ஆலோசகர் சிஸ்டர் என் தொழிலைக் கேட்டுவிட்டு விளக்கினார்.

“ஒடம்புக்குள்ள சிடி4 உங்க வேலையதான் பாக்குது அண்ணே. கிருமி வந்திருக்குன்னு மத்த அணுவுங்களுக்கு மைக்ல சொல்லுது. இந்த வைரஸ் அந்த மைக்கயே புடிச்சிக்குது. தெனம் மாத்திரை போட்டா பெருக முடியாம அடங்கிக் கெடக்கும். ஆனா முழுசா போவாது.”

தினம் ஒரு மாத்திரை. இரண்டு வருடத்தில் அணு நானூறைத் தாண்டியது. அப்போதுதான் எனக்குள் இருந்த ஞானி விழித்துக்கொண்டான். கர்த்தர் சுகமாக்கினார் என்று சபையில் சாட்சி சொன்னால், மாத்திரையால்தானே என்று யாராவது கேட்பார்கள். கர்த்தருடைய மகிமையில் மாத்திரைக்கு எதற்குப் பங்கு? நிறுத்திவிட்டேன். டப்பாவைப் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். தினமும் விழுங்கி விழுங்கி எனக்கு அலுத்துப் போயிருந்தது. அந்த அலுப்புக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. வாயும் தொண்டையும் வெள்ளை படர்ந்து புண்ணாகி, எச்சில்கூட இறங்கவில்லை. எஸ்தர் டப்பாவைக் கண்டுபிடித்தாள்.

“ஏங்க, சாவறதுக்கு ஸ்பீக்கர் பொட்டியா கெடச்சிது ஒங்களுக்கு?” என்றாள். சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் என் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டே வந்தாள்.

அணு நூறுக்கும் கீழே இறங்கியிருந்தது. ஆலோசகரிடம் காரணத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“சாப்புடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவீங்களா அண்ணே?”

“பண்ணுவேன் சிஸ்டர்.”

“பண்ணிட்டு சோத்த மூடி வச்சிடுவீங்களா?”

அன்றே என்னை வார்டில் சேர்த்தார்கள்.

வார்டில் படுத்தபடி ஜெபித்தேன். ‘ஆண்டவரே, மேடை வேணாம். சாட்சி வேணாம். ஒரு வாய் கஞ்சி எறங்கட்டும்.’ இவ்வளவு சின்ன ஜெபத்தை நான் அதுவரை செய்ததே இல்லை. கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலை, எஸ்தர் ஊட்டிய கஞ்சி ஒரு ஸ்பூன் இறங்கியது. நான் அழுதேன். அவள், “உப்பு போதுமா?” என்று கேட்டாள்.

மாத்திரையை மறுபடி தொடங்கியதில், இப்போது வைரஸ் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கியிருக்கிறது. அணு மெதுவாக ஏறுகிறது, மாடிப்படியில் நான் ஏறுவதைப் போல. அலுப்பு போகவில்லை. தினமும் மாத்திரையைக் கையில் வைத்து ஸ்தோத்திரம் சொல்கிறேன். பிறகு விழுங்குகிறேன்.

உங்களில் யாராவது இப்படி ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைத்திருந்தால், கர்த்தரை நம்பி அதைத் திறங்கள். மருந்து வாங்கும் நாளில் சிதம்பரம் பஸ்ஸில் நான் இருப்பேன். ஜன்னல் சீட் உங்களுக்கு.