ஊருக்குச் சொன்ன ப்ரெஷர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினில் நிற்பவள் தேவகிருபை. மனச்சோர்வுக்கு வேலூர் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை 'ப்ரெஷர் மாத்திரை' என்றே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எண்பத்து மூன்றாம் வருஷ மழையில் அவளுக்குச் சளி பிடித்தது. மருந்துக்கடை ஞானசீலனும் அவளுக்கு ப்ரெஷர் என்றே நம்பி, "ப்ரெஷருக்கு இதான் ஒத்துக்கும்க்கா. தூக்கம் மட்டும் ஜாஸ்தி வரும்" என்று சளி மாத்திரை கொடுத்தான்.

அவளுடைய மாத்திரையே கண்ணைச் சொருகவைக்கும். நாளைக்கு மெஷினுக்கடியில் கை இருக்கும்போது? வீடுவரை போனவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, திரும்பி நடந்தாள். மருந்துக்கடையில், கம்பெனியில் அவளோடு வேலை செய்யும் சுந்தரி நின்றிருந்தாள். அவள் நகர்வதாக இல்லை.

"ப்ரெஷர் இல்லப்பா. மனசு சரியில்லன்னு சாப்புடறேன்" என்று தேவகிருபை டாக்டர் சீட்டை நீட்டினாள்.

ஞானசீலன் சளி மாத்திரையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். "ரெண்டும் சேந்தா மெஷின்லயே சாஞ்சிடுவீங்க! முதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

வெளியே வந்ததும் சுந்தரி அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த டாக்டர் இன்னா கிழமைல இருப்பாருக்கா?"