கிருமி இல்லை என்று வந்த காகிதம்

ஆம்பூரில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பாய் ஒருவர் இருக்கிறார். தோல் பதனிடும் டேனரியில் பல வருஷம் ஈரத்தோல் புரட்டியவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளைப் பெண் குதிரை. தாயில்லாக் குட்டியாக வந்த அதை அவர் மனைவிதான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். மனைவி இறந்துபோன பிறகு அந்தக் குதிரை ஒரு குட்டி ஈன்றுவிட வேண்டும் என்பதுதான் பாயின் ஒரே ஆசை. மூன்று தடவை ஆண் குதிரையோடு சேர்த்தும் சினை நிற்கவில்லை. குதிரைக்கு வயசும் ஏறிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போதும் டாக்டரம்மா. அவ கையால வளர்ந்ததோட குட்டி" என்று என்னிடம் வந்து நின்றார்.

நான் கால்நடை மருத்துவர். கர்ப்பப்பையில் கிருமி இருந்தால் சினை தங்காது. குதிரை பருவத்தில் இருக்கும்போது நீளமான பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுத் தடவியெடுத்து லேபுக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். காலையில் வருகிறேன் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிட்டுப் போனேன். குதிரை பளபளவென்று நின்றது. வாலைக்கூடப் பின்னி, துணி சுற்றி வைத்திருந்தார். "உங்கள மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு ஏன் பாய் இவ்ளோ பேஜார்?" என்று மனசாரப் பாராட்டினேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் நீர் தெரிந்தது. கிருமி இருந்தால்தான் அப்படி நீர் கோக்கும் என்பதால் மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் லேபிலிருந்து கிருமி எதுவும் வளரவில்லை என்று காகிதம் வந்ததும் நீரை மறந்தே போனேன். தைரியமாகச் சேர்க்கச் சொன்னேன். நிற்கவில்லை. மறுபடி சொல்லிவிட்டுப் போனேன், மறுபடி சுத்தம் என்றே வந்தது. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

அடுத்த வருஷம் ஒரு நாள், பக்கத்துத் தெருவில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவர் வீட்டுக்குப் போனேன். குதிரை பருவத்தில் இருந்தது. நான் குச்சியை எடுத்ததும் பாய் பதறிப்போனார்.

"இன்னிக்கு வாணாம் டாக்டரம்மா. இன்னும் கழுவல."

"எதக் கழுவணும்?"

"உள்ளதான். நீங்க வர்றேன்னா, முந்தின நாளே டியூப் வுட்டு பர்மாங்கனேட் தண்ணியில அலசிடுவேன். டேனரிக்கு ஆபீசருங்க வர்றாங்கன்னா, முந்தின நாளே கால்வாயெல்லாம் கழுவி வுட்ருவோமே, அது மாதிரி."

எனக்கு வாய் ஜாஸ்தி. தெருவே எட்டிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "யாரு பாய் உங்களக் கழுவச் சொன்னது? கிருமியக் கழுவி வுட்டுட்டு கிருமியத் தேடச் சொன்னா நான் எங்க போய்த் தேடுறது?"

கழுவாமல் எடுத்த அந்தக் குச்சியில் கிருமி மண்டிக் கிடந்தது. மருந்து விட்டேன், கிருமி போயிற்று. ஆனால் கர்ப்பப்பையின் உள்தோலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது இத்தனை நாள் கிருமி தங்கியதில் முழுக்கத் தழும்பேறியிருந்தது. இனி எந்தக் குதிரையோடு சேர்த்தாலும் நிற்காது. அதைக் கேட்டுவிட்டு பாய் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து பழைய காகிதங்களை எடுத்தேன். லேபுக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி: 'கடந்த சில நாட்களில் உள்ளே ஏதாவது செலுத்தப்பட்டதா?' இரண்டு தடவையும் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான். அவரிடம் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் பெருமையோடு சொல்லியிருப்பார், பாவி மனுஷன்.

போன மாதம் குளம்பில் புண் என்று குதிரையை ஆஸ்பத்திரிக்கு நடத்தி வந்தார். குட்டி ஏதும் போட்டதா என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

"இல்ல சார். டாக்டரம்மா எவ்ளோவோ பாத்தாங்க. நான்தான் கழுவிக் கழுவி கெடுத்துட்டேன்" என்றார் பாய்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அடுத்தது யாருங்க?" என்று கூப்பிட்டேன்.