கூட வந்தவங்ககிட்ட சொல்லிட்டோம்

எனக்கு வாய் பெருசு. இதை நானே சொல்லிட்டா மத்தவங்களுக்கு வேலை மிச்சம். பஸ் ஸ்டாண்டுல எந்த பஸ் எங்க நிக்குது, எது லேட்டு, எது இன்னிக்கு வரவே வராதுன்னு மைக்ல சொல்றதுதான் என் பொழப்பு. தெருவுல எனக்குப் பேரே மைக்செட். ஆனா நான் சொல்ல வந்தது எங்க அண்ணியைப் பத்தி. அண்ணனைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அவங்க குரல் உசந்து நான் கேட்டதில்ல. அதுவே எனக்கு எரிச்சல். ஒருத்தி வரிஞ்சு கட்டிக்கிட்டு சண்டைக்கு நிக்கும்போது, எதிராளி வாயைத் தொறக்காம பால் புட்டியைக் கழுவிக்கிட்டிருந்தா கோவம் வருமா வராதா?

அண்ணிக்கு வேலை குழந்தை பாத்துக்கிறது. வேலைக்குப் போற பொம்பளைங்க காலையில கொண்டாந்து விட்டுட்டு சாயங்காலம் தூக்கிட்டுப் போவாங்க. வீட்டு முன்னறை உத்தரத்துல மூணு கொக்கி, மூணு தொட்டில். கீழே பாயில தவழுறதுங்க நாலஞ்சு. அதுல கைக்குழந்தை ஒண்ணு, பொம்பளைப் பிள்ளை, தொட்டில்ல போட்டா வீடு இடியுற மாதிரி கத்தும். அண்ணி தோள்ல சாஞ்சாத்தான் கண்ணை மூடும். மகாராணின்னு அண்ணிதான் பேர் வச்சாங்க. ஒரு தோள்ல மகாராணி, மறு கையில துடைப்பம், அப்படித்தான் அந்த அறையில அண்ணி நடமாடுவாங்க.

அந்த முன்னறை எங்க அப்பா என் பேருக்கு எழுதி வச்சது. ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து மாடியில தலையைச் சாய்ச்சா, கீழே அத்தனை தொண்டையும் ஒண்ணா தொறக்கும். அறையைக் காலி பண்ணுங்கன்னு கேட்டேன். அண்ணன் என் மேல பாஞ்சான். அண்ணி ஒண்ணும் சொல்லல, காலியும் பண்ணல. அந்த நாளோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுச்சு.

பேச்சு நின்னுச்சுன்னா சொல்றது நின்னுச்சுன்னு அர்த்தமில்ல. "இந்த வீட்டுல மோட்டாரை அணைக்க யாருக்கும் கை இல்ல போலிருக்கு"ன்னு நான் மாடிப்படியைப் பாத்துச் சொல்லுவேன். "அணைச்சாச்சுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லுடி"ன்னு அண்ணி மகாராணிகிட்ட சொல்லுவாங்க. அது பாவம், எச்சில் ஒழுக ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்கும். இப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல ஓட்டினோம். மகாராணிக்கு முன்னாடி வேற குழந்தைங்க தூது போச்சுங்க.

அப்புறம் அண்ணிக்கு ஒரு இருமல் பிடிச்சுது, விடவே இல்ல. அண்ணன் லாரி ஓட்டுறவன், மாசத்துல பாதி நாள் ரோட்டுல. வேற யாரு இருக்கா? நான்தான் கூட்டிட்டுப் போனேன். டாக்ஸியில ஆளுக்கொரு ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். "ஜன்னலை ஏத்துங்க, இருமுறவங்களுக்குக் காத்து ஆகாது"ன்னு டிரைவர்கிட்ட சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரி. வாசல்ல மீன் தொட்டி, மூஞ்சி தெரியிற மாதிரி தரை. நெஞ்சைப் படம் எடுத்தாங்க, சளியை டப்பாவுல வாங்கிக்கிட்டாங்க. "பயப்பட ஒண்ணுமில்ல, ரிசல்ட் வந்ததும் நாங்களே கூப்பிடுவோம்"னாரு டாக்டர். அந்த வாரமே படத்தை மட்டும் வந்து வாங்கிக்கச் சொன்னாங்க. அண்ணி குழந்தைங்களை விட்டு வர முடியாது, வேலைக்குப் போற வழியில நான் தனியா போனேன். கவுண்டர்ல ஒரு பொண்ணு கவரை நீட்டினா, வாங்கிட்டு வந்தேன். டாக்டரை நான் கண்ணால பாக்கல. அந்தப் பொண்ணு சளியைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இதை நல்லா மனசுல வச்சுக்கங்க.

அண்ணி ரெண்டு தடவை போன் போட்டுக் கேட்டாங்க. வந்தா கூப்பிடுவோம்னு சொல்லி வச்சுட்டாங்க. கூப்பிடவே இல்ல. மூணாவது தடவை கேக்க அண்ணிக்குக் கூச்சம். சும்மா நச்சரிக்கிற ஆளுன்னு நினைச்சுடுவாங்களாம், மகாராணிகிட்டதான் சொன்னாங்க! நானா இருந்தா அந்த மீன் தொட்டிக்குள்ள இறங்கி நின்னு கத்தியிருப்பேன்.

ரெண்டு மாசம் கழிச்சு இருமல்ல ரத்தம் வந்துச்சு. திரும்ப ஓடினோம். இந்தத் தடவை வேற ஒரு சின்ன வயசு டாக்டர். கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே, "டிபி மாத்திரை விடாம சாப்பிடுறீங்கல்ல?"ன்னாரு.

"எந்த மாத்திரை?"ன்னேன் நான்.

அவர் எங்களைப் பாத்தாரு, கம்ப்யூட்டரைப் பாத்தாரு. "உங்களுக்கு டிபின்னு அப்பவே வந்திருச்சே. யாரும் சொல்லலையா?"

பழைய டாக்டர் லீவுல போயிட்டாராம். அவர் சொல்லியிருப்பார்னு ஆஸ்பத்திரிக்காரங்க நினைச்சாங்களாம், இவங்க சொல்லுவாங்கன்னு அவர் நினைச்சாராம். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. அண்ணி சத்தமே போடாம அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. என் கையைப் பிடிச்சு, "மகாராணி என் தோள்லதான தூங்குவா"ன்னாங்க. அத்தனை காலத்துக்கு அப்புறம் அண்ணி நேரா என்கிட்ட பேசின முதல் பேச்சு அதுதான்.

எல்லாக் குழந்தைக்கும் சோதனை பண்ணாங்க. மத்ததுங்க தப்பிச்சுதுங்க. மகாராணிக்கு ஏற்கனவே காய்ச்சல், டிபி மூளைக்கு ஏறிடுச்சு. பொழச்சுட்டா. ஆனா ஒரு காது போச்சு, ஒரு கால் இழுத்துக்கிச்சு. அவங்க அம்மா ஒரு நாள் வந்து வாசல்ல நின்னு, போர்வையையும் பால் புட்டியையும் கேட்டு வாங்கிட்டுப் போனா. திட்டியிருந்தாக்கூட அண்ணிக்கு ஆறுதலா இருந்திருக்கும். அதுக்கப்புறம் அந்த அறைக்கு எந்தக் குழந்தையும் வரல. நான் கேட்ட மாதிரியே அறை காலி. சந்தோஷமான்னு என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

விடுவேனா? வக்கீலம்மாவைப் போய்ப் பாத்தேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல சின்ன அறை.

"நோய் வந்ததுக்கு யார் மேலயும் கேஸ் போட முடியாதும்மா. தெரிஞ்சும் சொல்லாம வச்சிருந்தாங்க பாருங்க, அதுக்குப் போடலாம்"னாங்க. "டாக்டர் மேல மெடிக்கல் கவுன்சில்ல புகார் கொடுக்கலாம். மிஞ்சிப்போனா கண்டிப்பாங்க, இல்ல கொஞ்ச காலம் தொழில் பண்ண விடமாட்டாங்க. போலீசுக்கும் போகலாம், ஆனா கிரிமினல் கேஸ்னு நிக்கிறது கஷ்டம். நுகர்வோர் கோர்ட்டுல சேவைக் குறைபாடுன்னு ஆஸ்பத்திரி மேலயே போடுறதுதான் நமக்கு வழி. அந்தக் குழந்தைக்காக அதோட அப்பா அம்மா தனியா போடலாம், அது இன்னும் வலுவா நிக்கும். எதுவா இருந்தாலும் காலக்கெடு இருக்கு, ஆறப்போடாதீங்க."

அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. "அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க அண்ணி என்ன பண்ணியிருப்பாங்க?"

"அன்னிக்கே மூணு தொட்டிலையும் கழட்டியிருப்பாங்க."

"அதை அவங்க வாயால கோர்ட்டுல சொல்லணும்."

"அவங்க வாயாலயா? விளங்கிடும்"னேன். வக்கீலம்மா சிரிச்சாங்க.

நோட்டீஸ் போச்சு, பதில் வந்துச்சு. வக்கீலம்மா மெதுவா படிச்சாங்க. நோய் விவரம் உரிய நேரத்தில், படத்தை வாங்க வந்த நோயாளியின் நாத்தனாரிடம் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது. நாத்தனாருக்கும் நோயாளிக்கும் சொத்துத் தகராறு, பேச்சு வார்த்தை இல்லை. அவர் சொல்லாமல் மறைத்ததற்கு ஆஸ்பத்திரி பொறுப்பல்ல.

பச்சைப் பொய்! எங்க சண்டை அவனுங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறீங்களா? தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே. மாடியில நின்னுக்கிட்டு நான்தான ஊருக்கே ஒலிபரப்பினேன். என் வாயையே எடுத்து என் கழுத்துல மாட்டிட்டானுங்க.

அண்ணன் லாரியை விட்டு இறங்கினதும் கேட்டான். "ரூமுக்காகவா இப்படிப் பண்ணே? சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?" கூடப்பொறந்தவன் கேட்டான் இதை. மகாராணியோட அம்மாகிட்ட, நீயும் ஒரு கேஸ் போடுன்னு கேக்கப் போனேன். "அங்கதான் அவளுக்கு இன்னும் வைத்தியம் நடக்குது. அவங்களை நான் பகைச்சுக்க முடியாது. அதோட, உங்ககிட்ட சொன்னாங்களாமே"ன்னு கதவைச் சாத்திட்டா. தெருவுல நான் போனா பேச்சு நிக்குது. அண்ணி மட்டும் ஒண்ணும் கேக்கல. மாத்திரையைப் போட்டுக்கிட்டு, நான் கொடுத்த காப்பியைக் குடிச்சாங்க. இவங்க ஒருத்தராவது என்னை நம்புறாங்களேன்னு அந்த ஒரு நூலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடமாடினேன்.

விசாரணை அன்னிக்கு ஆஸ்பத்திரி வக்கீல் அண்ணிகிட்ட தேன் ஒழுகப் பேசினாரு.

"உங்களுக்கும் நாத்தனாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, சரியாம்மா?"

"சரிங்க."

"பேசவே பேசாதவங்க, இதை மட்டும் உங்ககிட்ட வந்து எப்படிச் சொல்லியிருப்பாங்க? அதான் சொல்லலை. இல்லையா?"

அண்ணி தலையை நிமிர்த்தி அவரைப் பாத்தாங்க. அப்புறம், நான் கேட்டே இராத ஒரு குரல்ல சொன்னாங்க. "ஐயா, நான் சோத்தைக் குழைய விட்டா மூணாவது வீட்டுக்குத் தெரியும். அவ சொல்லிடுவா. என்கிட்ட பேசலைன்னா சுவத்தைப் பாத்துச் சொல்லுவா, படியைப் பாத்துச் சொல்லுவா, கைக்குழந்தையைக் கூப்பிட்டு வச்சுச் சொல்லுவா. அவ வாயில ஒரு விஷயம் ஒரு ராத்திரி தங்கி நான் பாத்ததில்ல. இவ்வளவு பெரிய விஷயத்தையா ரெண்டு மாசம் வச்சிருந்திருப்பா? நீங்க பொய் சொல்றதா இருந்தா வேற ஆளைப் பாத்திருக்கணும்."

ஹால்ல சிரிப்பு. நீதிபதியே குனிஞ்சுக்கிட்டாரு. என்னை அவ்வளவு கேவலமா ஒருத்தர் பேசி, நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. அழுதுட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸுல வாய் ஓயாம பேசிக்கிட்டே வந்தேன். அண்ணி ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தாங்க. அவங்க சுபாவமே அதுதானேன்னு நினைச்சுக்கிட்டேன்.

தீர்ப்பு எங்க பக்கம்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரி மேல தப்பு, நஷ்ட ஈடு கொடுக்கணும்னு உத்தரவு. வக்கீலம்மா கை குலுக்கினாங்க. நான் என்னைப் பத்தி எழுதின இடத்தைத் தேடிப் படிச்சேன். நாத்தனாரிடம் தெரிவித்ததாக எதிர்த்தரப்பு கூறுவது நிரூபிக்கப்படவில்லை.

"பொய்னு எழுதலையே?"ன்னேன்.

"நிரூபிக்கலைன்னாலே நாம ஜெயிச்ச மாதிரிதாம்மா. கோர்ட்டுக்கு அது போதும்."

"இந்தப் பொய்க்குத் தனியா ஒரு கேஸ் போடுங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. "தெரிஞ்சே பொய் சொன்னாங்கன்னு நாமதான் நிரூபிக்கணும். அன்னிக்கு நீங்க மட்டும்தான போனீங்க? கூட யாரும் இல்லையே."

வீட்டுக்கு வந்து முன்னறையில உக்காந்து தீர்ப்பு முழுசையும் அண்ணிக்குப் படிச்சுக் காட்டினேன். பஸ் ஸ்டாண்டுல படிக்கிற மாதிரி, தெருவுக்கே கேக்கட்டும்னுதான் படிச்சேன். அண்ணி சுவத்துல சாஞ்சு கேட்டுக்கிட்டிருந்தாங்க. நான் படிச்சு முடிச்சேன். அப்புறம் தலையைத் தூக்கி, உத்தரத்துல சும்மா தொங்குற கொக்கியைப் பாத்து, பழைய குரல்ல மெல்லக் கேட்டாங்க.

"நிரூபிக்கலைன்னா, சொல்லலைன்னு அர்த்தமா?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்ல. எழுந்து, மாடிப்படியைப் பாத்துதான் பதில் சொன்னேன்.

"யாரும் யார்கிட்டயும் எதையும் சொல்லல."