இசவுராவின் கடைசிப் பதிவு

பாட்டனி டவுன்ஸ் கடையொன்றில் போர்த்துக்கீசப் பாட்டு ஒலித்தது. எண்பதுகளில் எங்கள் ஏவன்டேல் வீட்டுக்கு அடுத்திருந்த இசவுரா நினைவுக்கு வந்தார்.

இளமையில் பிரேசில் வானொலியில் புகழோடு பாடியவர். வேலிக்கப்பால் உடுப்புக் காயப்போடும்போதும் பாடுவார். ஒரு குளிர்காலத்தில் பாட்டுக்கு நடுவே இருமல் நுழைந்தது. பிறகு இருமல் மட்டுமே கேட்டது.

"அன்ரி ஏன் பாடுறேல்லை, அம்மா?"

"தொண்டையில கட்டி, பிள்ளை. நாளைக்கு வெட்டினா இனிக் குரல் வராதாம்."

அன்று மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, கசெட்டில் பதியச் சொல்லிப் பாடினார். வானொலி நிலையம் எரிந்ததில் பழைய ஒலிப்பதிவு எதுவும் மிஞ்சவில்லையாம்.

சில வாரங்களில், கழுத்தில் கட்டோடு வந்து அந்தக் கசெட்டைப் போடச் சைகை காட்டினார். பாட்டோடு சேர்ந்து வாயசைத்தார்; காற்றுத்தான் வந்தது. எனக்குப் பயமாயிருந்தது.

"நிப்பாட்டட்டோ, அம்மா?" என்று கையை நீட்டினேன்.

இசவுரா என் கையை விலக்கி, சத்தத்தைக் கூட்டினார்.