எடைமேடைக் கணினிக்கு வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் நான் எடைமேடை குமாஸ்தா. லாரி ஏறி நின்றால் எடைப்பெட்டியில் எண் வரும். அது ஒயர் வழியாகக் கணினிக்குப் போய்ச் சீட்டாக அச்சாகும். சீட்டு இல்லாமல் எந்த லாரியும் வாசலைத் தாண்டாது. கையால் எழுதினால் செல்லாது. கணினிதான் பொய் சொல்லாதாம்.

பழைய கணினியில் அந்த ஒயருக்கென்றே ஒன்பது ஊசி போர்ட் இருந்தது. புதியதில் இல்லை. சர்வீஸ்காரர் ஒரு கன்வர்ட்டரை மாட்டி, யூஎஸ்பி துளையில் செருகினார். "சார், இத்த வேற ஓட்டையில மாத்திடாதீங்க. போர்ட் நம்பர் மாறிப்பூடும், எடை வராது" என்றார். தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தேன். கணினியின் உயிரே அந்தத் துளையில்தானே என்று அதன் மேலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் விஜயதசமி. பொட்டு வைத்த இடத்தில் ஒயரைக் குத்த மனம் வருமா? பக்கத்துத் துளையில் செருகினேன்.

எடைப்பெட்டியில் எண் இருந்தது. கணினியில் பூஜ்யம்.

மேடையில் நின்ற லாரியின் டிரைவருக்கு எளாவூர் செக்போஸ்ட் தாண்டி சூலூர்பேட்டையில் வீடு. "இன்னிக்கு பாப்பாவ அட்சரம் எழுத உக்கார வெக்கணும் நைனா. பதினோரு மணிக்குள்ள ஊட்ல இருக்கணும்" என்றார்.

சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். "பழைய ஓட்டையிலயே சொருவுங்க சார், அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஆனால் நல்ல நாளும் அதுவுமாகக் குங்குமத்தை யார் அழிப்பது? மேனேஜர் வந்தார். போன வாரம்தான் எங்களுக்கு டிஜிட்டல் யுகம் பற்றி வகுப்பெடுத்தவர். துளையைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீதான வெச்ச, நீயே தொடச்சிடு."

"நான் புள்ளகுட்டிக்காரன் சார்."

டிரைவர் மணியைப் பார்த்தார். அவரும் கை நீட்டவில்லை.

மணி பத்தைத் தாண்டியது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்தார். கணவரை இழந்தவர். முந்தானை நுனியைத் திருகித் துளையை அழுத்தித் துடைத்தார்.

"அழிக்கறதுக்கு எனுக்கு இன்னா சார் கீது. கொயந்த காத்துக்கினு இருக்கும், சொருவுங்க."

செருகினேன். எண் வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு டிரைவர் ஓடினார். மேனேஜர் டீ சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முந்தின நாள் பூஜை முடிந்ததும் குங்குமத் தட்டை எல்லோரிடமும் நீட்டியவன் நான். இந்த அக்காவிடம் வந்தபோது மட்டும் தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அடுத்தவரிடம் போய்விட்டேன்.