நாக்கைத் துருத்தி எறிந்த பந்துகள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூடைப்பந்து வந்ததே சுனாமியால்தான். அதற்கு அடுத்த வருஷம் யார் யாரோ எங்களுக்கு என்னென்னவோ கொடுத்தார்கள். பாய், பாத்திரம், யாருக்கும் பொருந்தாத சட்டை என்று மரக்காணத்துக்கு வந்த லாரிகளில் ஒன்றிலிருந்து இரண்டு பந்தும், ஒரு கம்பமும், பலகையும் வளையமும் இறங்கின. ஆட்டத்துக்கு இரண்டு கம்பம் வேண்டும் என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை, வாங்கிக்கொண்ட எங்களுக்கும் தெரியவில்லை. மைதானத்தின் வடக்கு ஓரத்தில் அதை நட்டு, இரண்டு கட்சியும் அந்த ஒரே வளையத்தில் பந்து போட்டோம். கொஞ்ச நாளிலேயே உப்புக்காற்று பலகையின் ஆணிகளைத் தின்னத் தொடங்கியது. வலது ஓரத்து ஆணியிலிருந்து வெற்றிலைச் சாறு வழிந்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருந்தது.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் உயரம் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பந்து என் கையிலிருந்து அழகாகத்தான் மேலே கிளம்பும். ஆனால் போய்ச் சேரும் இடம் எப்போதும் வளையத்துக்கு இடப்பக்கமாக இருக்கும். எங்களுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுத்தவர் சரித்திர சார். அவர் ஆடியது கபடி. கூடைப்பந்தைப் படம் போட்ட ஒரு புத்தகத்தில் முந்தின நாள் படித்துவிட்டு மறுநாள் எங்களுக்குச் சொல்வார்.

"முட்டிய மடக்கு. முழங்கைய உள்ள கொண்டா. எறியாத, விரலால தள்ளு."

மடக்கினேன், கொண்டு வந்தேன், தள்ளினேன். பந்து இடப்பக்கம் போனது.

"முழங்கை வெளிய போவுது" என்றார். சத்தியமாகப் போகவில்லை. இருந்தாலும் புத்தகத்தில் இருந்த ஒரே காரணம் அதுதான் போலிருக்கிறது. என் ஜடை ரிப்பனையே அவிழ்த்து, முழங்கையை இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அப்படிக் கட்டிக்கொண்டு எறிந்த பந்து சாரின் கால் கட்டைவிரலில் போய் விழுந்தது. உப்பளத்து வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் வேலியோரம் நின்று சிரித்தார்கள். கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னாடி தப்பு பண்ண? கட்டிப் போட்டு வச்சிருக்காங்க?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அவமானம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல் ஒரு கவலையும் இருந்தது. திண்டிவனத்தில் நடக்கவிருந்த போட்டிக்கு ஐந்து பேர் வேண்டும். நாலு பேர் முடிவாகிவிட்டார்கள். அவர்கள் முட்டிமோதி வளையத்துக்கு அடியிலேயே போய்ப் பந்தைப் போட்டுவிடுவார்கள். ஐந்தாவது இடம் எனக்கா, என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கா என்பதுதான் கேள்வி.

அவள் அனுமந்தைக் குப்பத்திலிருந்து வருபவள். தினமும் என் டிபன் பாக்ஸைத் திறந்து, பாதியைத் தின்றுவிட்டு, உப்பு இல்லை என்று குறை சொல்லும் அளவுக்கு நெருங்கிய சிநேகிதி. நெஞ்சுக்கு நேராகப் பிடித்துத் தாழ்வாக, வேகமாக எறிவாள். பாதி விழும். போட்டியன்றைக்குக் கடலுக்குப் போகாமல் மகள் ஆடுவதைப் பார்க்க வருவேன் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அவளிடம் மட்டுமில்லை, குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதனால் அந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எனக்கும் வேண்டியிருந்தது, என்ன செய்வது?

என் முழங்கையோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன சார் ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு, "நீ இவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடும்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாத. பந்து போடும்போது நாக்க வெளிய நீட்டணும். அப்பதான் கழுத்து நேரா இருக்கும். அப்புறம் ரிங்கப் பாக்கவே கூடாது, பாத்தா கை நடுங்கும். வலதுபக்கம் துருப்புடிச்ச ஆணி இருக்குது பாரு, அதப் பாத்துப் போடு."

சாயங்காலம் நாங்கள் ஆடும் நேரத்தில் கிழக்கே கடலிலிருந்து காற்று அடிக்கும். இடுப்பில் செருகிய தாவணியைப் பிடுங்கி மேற்கே பறக்கவிடும். பிறந்ததிலிருந்து அடிக்கிற காற்று என்பதால் அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. நான் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆணியைப் பார்த்து எறிந்தேன். ஆணியை நோக்கிப் போன பந்து பாதி வழியில் மனசு மாறி இடப்பக்கம் நகர்ந்து, வளையத்துக்குள் சமர்த்தாக இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பேய் அறைந்த மாதிரி நின்றாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. மறுநாள் அவள் எறியும்போது கவனித்தேன். நாக்கு வாய்க்குள் இருந்தது. கண் வளையத்தில் இருந்தது. திருட்டுக் கழுதை என்று மனசுக்குள் திட்டினேன். சண்டை போட்டிருக்கலாம், ஆனால் அதைவிட நல்ல வழி ஒன்று தோன்றியது. சாரிடம் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"சார், இவதான் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தா. இவதான் சார் என் கோச்சு."

அவளால் இல்லை என்று சொல்ல முடியுமா? சார் பூரித்துப்போய், மற்ற நாலு பேருக்கும் சொல்லிக் கொடுக்கும்படி அவளைக் கேட்டுக்கொண்டார். ஆணி விஷயத்தை அவள் மறைத்துவிட்டாள். நாக்கை மறைக்க முடியவில்லை, என் முகத்திலேயே தொங்கிக்கொண்டிருந்ததே! அடுத்த வாரம் ஐந்து பெண்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு மைதானத்தில் ஓடினோம். ஒருத்தி நாக்கைக் கடித்துக்கொண்டு ரெண்டு நாள் கஞ்சி குடித்தாள். தலைமை ஆசிரியர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நான் தினமும் தவறாமல் என் கோச்சுக்கு நன்றி சொன்னேன், அவள் தினமும் என் டிபனில் முக்கால்வாசியைத் தின்றாள்.

ஐந்தாவது இடம் எனக்குக் கிடைத்தது. அவள் மாற்று ஆள். தண்ணீர் கேன் தூக்குவதும் அவள்தான். பட்டியலைச் சார் படித்த அன்று அவள் என்னோடு பேசவில்லை. அப்பாவிடமும் இதைச் சொல்லவில்லை என்பது திண்டிவனத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வெளுத்த வேட்டி சட்டையில், வயர் கூடை நிறைய முறுக்கோடு அவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த மைதானத்தில் இரண்டு வளையம் இருந்தது. அதைப் பார்த்தே எங்களுக்குத் தலை சுற்றியது. பலகைகள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. துரு இல்லை, என் ஆணி இல்லை. ஆணி இருந்திருக்கக்கூடிய இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து எறிந்தேன். எல்லாம் வலப்பக்கம் போனது. பொய் என்று தெரிந்த விஷயத்தை இத்தனை நாளில் நானே நம்பத் தொடங்கியிருந்தேன். அதனால் நாக்கு போதவில்லையோ என்று இன்னும் நீட்டினேன். எதிர்க்கட்சிப் பெண்கள் பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிர்க்கட்சிக்காரி ஒருத்தி என் கையில் அடித்துவிட, எனக்கு இரண்டு இலவச எறி கிடைத்தது. முதல் பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. சார் பொறுமை இழந்து, தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கோச்சைப் பார்த்தார்.

"ரெடியா இரும்மா. இதுவும் போச்சுன்னா நீ உள்ள போ."

அவள் எழுந்து கோட்டருகே வந்து நின்றாள். அவள் அப்பாவும் எழுந்து நின்றார். அவருக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. நான் இன்னொரு தரம் தவறவிட்டால் போதும். அவள் வாயைத் திறக்கவே தேவையில்லை. எனக்கு அழுகை முட்டியது. நாக்கை நீட்டிக்கொண்டே அழுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் ஒரு கணம் மேலே, மைதானத்து ஓரத்து வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"ஏய்! நான் பொய் சொன்னேன்டி! ஆணியும் இல்ல ஒண்ணும் இல்ல! நம்ம ஊர்ல காத்து தள்ளுச்சு, இங்க ஒரு எல கூட அசையல பாரு! ரிங்கப் பாத்துப் போடுடி! நாக்க உள்ள போடு!"

மைதானமே சிரித்தது. நான் நாக்கை உள்ளே போட்டு, வளையத்தைப் பார்த்து, முட்டியை மடக்கிப் பந்தைத் தள்ளினேன். உள்ளே விழுந்தது. சார் அவளைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார். அவள் போய்த் தண்ணீர் கேன் மேல் உட்கார்ந்தாள். கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

ஆட்டத்தில் தோற்றோம். அது பெரிதில்லை. வெளியே வந்தபோது அவள் அப்பா முறுக்குக் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் கண்ணு நீ ஆடவே இல்ல? ஏதோ பொய்யின்னு வேற கத்துன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை வெறுப்பேற்றுவதற்காகவே நாள் தவறாமல் சொல்லி வந்த அதே வாக்கியத்தை அவரிடமும் சொன்னேன்.

"இவதாங்க எனக்குச் சொல்லிக் குடுத்தா. இவதாங்க கோச்சு."

"அப்படியா?" என்றார் அவர். மகளை ஒரு முறை, சாரை ஒரு முறை பார்த்தார். சார் என்னை முறைத்துவிட்டு, "ஆமாங்க" என்றார்.

மரக்காணம் பஸ்ஸில் வழியெல்லாம் அவர் கண்டக்டரிலிருந்து கடைசி சீட்டுக் கிழவர் வரைக்கும் முறுக்கு கொடுத்தார். "எம்பொண்ணு கோச்சு, அது சத்தம் போட்டுச்சு, அந்தப் பொண்ணு பந்து போட்ருச்சு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். உப்பளங்கள் தெரிய ஆரம்பித்தபோது கடல்காற்று பஸ்ஸுக்குள் அடித்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. நாக்கை நீட்டிக் காட்டினாள்.

நானும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு என் நாக்கை நீட்டினேன்.